சாரம்மாளுக்கு நான் கொடுத்த களிம்பு

சாரம்மாள் அக்கா தச்சநல்லூரில் ஒரு வாழையிலை மண்டியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். விடியுமுன் ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து வேனில் வந்து இறங்கும் இலைகளைக் கிழிசல் பார்த்துப் பிரிக்க வேண்டும். தண்ணீர் தெளித்துக் கட்டாகக் கட்ட வேண்டும். மதியம் வீட்டுக்குப் போகும்வரை இடுப்புச் சேலை ஈரமாகவே இருக்கும். அவர் கட்டும் கட்டுக்கு நடுவில் கிழிந்த இலை ஒளிந்திருக்காது. கல்யாண வீட்டார் மண்டிக்கு வந்தால் "சாரம்மா கட்டுனதா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அந்த வேலைதான் அவருடைய சோறு.

மண்டிக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் நான் மருந்தாளுநர். சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது, முதலாளி மகாராஜன் அண்ணாச்சி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவர் வந்தார். அரிப்பு என்றார். எங்கே என்று சொல்லவில்லை. அலமாரிக்குப் பின்னால் அழைத்துப்போனேன். பாவாடைக் கயிறு இறுகும் இடத்தில், இரண்டு பக்கமும், வட்டம் வட்டமாகச் சிவந்திருந்தது. ஓரம் தடித்துச் செதில் செதிலாக, நடுவில் தோல் தெளிந்திருந்தது. படர்தாமரை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

மருத்துவரிடம் காட்டச் சொன்னேன்.

"ஆம்பள டாக்டரா இருந்தா எப்படிட்டி கோமு, சேலைய விலக்க? நீ பாத்துட்டல்லா. நீயே ஒண்ணு குடு."

எங்கள் கடையில் எந்த அரிப்புக்கும் ஒரு வெள்ளை ட்யூப்தான். மூன்று மருந்து கலந்தது. அதில் ஒன்று அரிப்பைச் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதன்மேல் பொடி ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தெரியும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைக் காளானை மட்டும் கொல்லும் சாதாரணக் களிம்பு கீழ்த் தட்டில் இருந்தது. அது வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும். அரிப்பு உடனே அடங்காது, வாங்கியவர்கள் திரும்ப வந்து சத்தம் போடுவார்கள். நான் வெள்ளை ட்யூபை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். பதினைந்து நாள் கழித்துக் காலி ட்யூபோடு வந்தார். பிறகு மறுபடியும். ஏழு மாதம் இப்படி வந்தார். ஒவ்வொரு முறையும் உள்ளே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன், கடையில் கூட்டமாக இருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லா நாளும் கூட்டம் இல்லை.

ஒருநாள் அக்காவின் மணிக்கட்டிலும் வந்திருந்த வட்டத்தை மண்டி முதலாளி பார்த்துவிட்டார். சோறு போடுகிற இலையை இந்தக் கையா தொடுவது என்று வாங்குகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். குணமாகும்வரை வீட்டிலேயே இரு, ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குப் பிறகு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவரைப் பாளையங்கோட்டைக்கு ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பெண் மருத்துவர். ஏழு மாதத்துக்கு முன்பும் அங்கேதான் இருந்தார். அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இடுப்பிலிருந்து தொடை, முதுகு வரை பரவியிருந்தது. வட்டத்துக்குள் வட்டம், ஓரம் எது என்றே தெரியவில்லை. களிம்பு அதிகம் பட்ட இடத்தில் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, கிழித்ததுபோல் கோடு கோடாக இருந்தது. மருத்துவர் ஒரு பிளேடால் செதிலைப் பையச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, சற்றுப் பொறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். காளான்தான் என்றார். களிம்பு அரிப்பை அடக்கியிருக்கிறது, காளானை வளர்த்திருக்கிறது. தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஆறு வாரம். புதுக் களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல்கடை வரை போட வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. ஈரத்துணியோடு இருக்கக்கூடாது. துணியையும் துண்டையும் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். கோடுகள் மங்கும், முழுக்கப் போகாது.

"இந்த ட்யூப யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

சாரம்மாள் அக்கா என் பக்கம் பார்க்கவேயில்லை. "பஸ் ஸ்டாண்டுல ஏதோ ஒரு கடைம்மா."

மருத்துவர் எழுதிய சீட்டை நான் வாங்கி மடித்தேன்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே பேச்செடுத்தார். "வெசனப்படாத. சின்னப்புள்ள, ஒனக்கு என்ன தெரியும்?"

அப்படியே விட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

"தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா குடுத்த?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. முன்னால் போய் வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஒரு மாதக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மண்டி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். அக்காவின் மேல் தப்பில்லை, மருந்து கொடுத்தவள் நான் என்றேன். அவர் கணக்குப் பிள்ளையின் முன்னாலேயே கேட்டார்.

"படிச்ச பிள்ள செய்த வேலையா இது? சரி, எத்தன நாளானாலும் கொணமாயிட்டுன்னு டாக்டர் எழுத்துல குடுத்தா சேத்துக்கிடுதேன். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத."

பத்து வாரத்தில் அக்காவுக்குக் குணமானது. மருத்துவர் கடிதம் கொடுத்தார். இப்போது மண்டியில் சேலை நனையாதபடி மடியில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டு இலை அடுக்குகிறார். நான் சீட்டு இல்லாமல் அந்த ட்யூபைக் கொடுப்பதில்லை. அண்ணாச்சிக்கு என்மேல் வருத்தம். கேட்டு வருகிறவர்கள் அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஏழு மாதத்தில் நான் வேறு யார் யாருக்குக் கொடுத்தேன் என்று யோசித்தால் முகங்கள் வருகின்றன, பெயர்கள் வருவதில்லை.

மண்டியில் எந்தப் பெண்ணுக்கு அரிப்பு என்றாலும் அக்காவே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறாராம். பஸ் நிறுத்தத்துக்கு எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது அவர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.