கிண்ணியாத் துறையில் போய்த் திரும்பிய பிரேக்

கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன், ஒரு கோடையில் நானும் கணவரும் எங்கள் சிறிய காரில் அங்கே புறப்பட்டோம். வழிநெடுக மாடுகள் மறித்ததால் அவர் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவேயில்லை. காரை ஏற்றும் பாதைப் படகுக்காகத் துறைச் சரிவில் இறங்கியபோது பெடல் பஞ்சுபோல அடிவரை போய்விட்டது. கார் தண்ணீரை நோக்கி உருண்டது. அவர் கைப்பிரேக்கை இழுக்க, முன்சில்லுகள் நனைந்த நிலையில் கார் நின்றது.

ஆட்கள் சேர்ந்து காரை மேலே தள்ளினார்கள். படகு வரும்வரை காத்திருந்துவிட்டு அவர் மீண்டும் மிதித்துப் பார்த்தார். பெடல் இறுக்கமாக இருந்தது.

"இப்ப நல்லா இருக்கு, காரில ஏறும்," என்றார்.

"ஏன் போனது, ஏன் வந்தது எண்டு தெரியாமல் ஏற ஏலாது," என்றேன்.

பக்கத்தில் நின்ற லொறிச் சாரதி, "பிரேக் ஒயில் எப்ப மாத்தினீங்கள்?" என்று கேட்டார்.

"மாத்திறேல்லை. குறைஞ்சால் ஊத்துவம்," என்றார் கணவர்.

"அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். சூடேறினால் அந்தத் தண்ணி ஆவியாகும். ஆவி நசியும், பெடலும் கீழ போயிடும். ஆறினால் திரும்ப வரும்."

"குசினியில உப்புக் கசியிற மாதிரியோ?" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான்."

அன்று காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம். பிறகு மெக்கானிக் வடித்த பழைய ஒயில் தேநீர்ச் சாயம்போல இருந்தது.

இப்போது ஒவ்வொரு மாரியும் முடிந்ததும் ஒயிலை முழுவதுமாக மாற்றுகிறோம். திறந்த டின்னில் மிஞ்சியதைப் பிறகு ஊற்றுவதில்லை. கணவர் பெடலை மிதிக்க, நான் சேலையைச் செருகிக்கொண்டு சில்லருகே குந்தியிருந்து, ஒயில் வடியும் குழாயில் காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை பார்க்கிறேன்.