காற்றாடி ஓடாத வீடு

சண்முகத்தாய்க்கு வீட்டுக்காரர் மேல் கோபம் வந்ததே கிடையாது. கோபப்படுவதற்கும் எதிராளிக்கு ஒரு தராதரம் வேண்டும் என்று நினைப்பவள் அவள்.

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளைக்கு நூல் மில்லில் டைம் ஆபீஸ் உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். வந்து பார்த்தால், ஷிப்டுக்கு வருகிற அத்தனை பேரின் நேரத்தையும் கவனிக்கிற வைகுண்டராஜுக்குத் தன் சட்டைப் பொத்தானை நேராகப் போடத் தெரியவில்லை. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும். தினமும் வாசலில் நிறுத்தி அவள்தான் மாற்றிப் போட்டுவிடுவாள். அப்படி அவள் பூட்டிவிட்ட சட்டையோடுதான் அவர் மேடையேறிப் பேசவும் ஆரம்பித்தார்.

எண்பத்தொன்பதில் பஞ்சு அரவை ஆலை முதலாளி சுயம்புலிங்கத்துக்குத் திடீரென்று பறவைகள் மேல் பிரியம் பிறந்தது. அதற்கு முன்னாலும் பிரியம் உண்டு. ஆனால் அது கவுதாரி வறுவலோடு நின்றிருந்தது. அவர் தலைவர், வைகுண்டராஜ் செயலாளர் என்று பறவை நேசர் மன்றம் உதயமாயிற்று. முதல் காரியமாக, மண்டையைப் பிளக்கிற வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அட்டைகளைக் கொடுத்துத் தென்காசி ரோட்டில் ஊர்வலம் விட்டார்கள். இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தன.

"குருவியக் காப்பாத்துறதுக்குப் பிள்ளைகளப் பலி குடுக்கீகளாக்கும்?" என்றாள் சண்முகத்தாய்.

"உனக்கு என்னட்டி தெரியும்? பறவை இல்லேன்னா மனுசன் இல்ல."

"மனுசன் இல்லேன்னா பறவை சௌரியமா இருக்கும். அதையும் மைக்குல சொல்லுங்க."

குருவி மேலும் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. கூடத்துக் காற்றாடியின் உச்சியில், கூரையை ஒட்டியிருக்கிற கிண்ணத்துக்குள் வருஷந்தோறும் அடைக்கலக்குருவி கூடு கட்டும். காலையில் வைக்கோல், மத்தியானம் எச்சம், சாயங்காலம் புருஷன் பெண்டாட்டி சண்டை. "குடும்பம் நடத்துற லட்சணத்தப் பாரு" என்று திட்டிக்கொண்டே பெருக்குவாள்.

ஒரு வருஷம், ஓடுகிற காற்றாடியில் தாய்க்குருவி அடிபட்டு அவள் சோற்றுத் தட்டிலேயே வந்து விழுந்தது. மேலே குஞ்சுகள் விடாமல் கத்தின. பிறகு கத்தவில்லை. கத்தினதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அது நின்றுபோனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து கூட்டில் குஞ்சு இருக்கும்வரை அந்த வீட்டில் காற்றாடி ஓடாது. வைகுண்டராஜ் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே பறவைகளைப் போற்றிப் பேச்சுத் தயாரிப்பார். நடுநடுவே மேலே பார்த்து, "சனியன்" என்பார்.

தொண்ணூற்றொன்று சித்திரையில் மன்றம் வீடு வீடாக மரக்கூடு வழங்கிற்று. பச்சைப் பெயின்ட் அடித்து மன்றத்தின் பேர் எழுதிய பெட்டி. ஊரில் ஒரு குருவியும் அதை எட்டிப்பார்க்கவில்லை. சண்முகத்தாய் அவர்கள் வீட்டுப் பெட்டியில் பூண்டு போட்டு வைத்திருந்தாள். ஆண்டுவிழாவன்று காலையில் வைகுண்டராஜ் பூண்டைத் தரையில் கொட்டிவிட்டுப் பெட்டியோடு முக்காலி மேல் ஏறினார்.

"ஏட்டி, விழா முடிஞ்சதும் முதலாளியும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேராசிரியரும் நம்ம வீட்டுக்குத்தான் காப்பிக்கு வாராக. போட்டோக்காரனும் வாரான். மேல இருக்கிற கூட்ட எடுத்து இதுல வச்சிருவோம். மன்றத்துப் பெட்டியில குருவி குடியிருக்குன்னு பேப்பர்ல படம் வரும். காத்தாடியும் போட்டுக்கிடலாம்."

"இப்பத்தான் குஞ்சு கண்ணு திறந்திருக்கு. இடம் மாத்தினா தாய் அண்டுமா?"

"அண்டும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்ப புஸ்தகத்தையே பெட்டியில வச்சுப் படம் பிடிங்க. கூட்டுல கைய வச்சீக, இனிமே உங்க சட்டப் பொத்தான நீங்களே போட்டுக்கிடணும்."

வைகுண்டராஜ் முக்காலியை விட்டு இறங்கினார். இறங்கியும் வீராப்பு போகவில்லை. "காத்தாடி ஓடும். வாரவுக வேர்த்து வடிய உக்காரணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு, பொத்தான் ஏறியும் இறங்கியுமாக விழாவுக்குப் போனார். அவளும் கூப்பிட்டு மாற்றிவிடவில்லை. விழா முடிந்து அவர்கள் தெருமுனையில் தலை காட்டியதும் மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி, அரிசிப் பானைக்குள் ஆழப் புதைத்தாள்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். சுயம்புலிங்கம் தானே எழுந்து போய் சுவிட்சைத் தட்டினார். காற்றாடி அசையவில்லை.

"கரண்ட் இல்லையோ?"

பக்கத்து வீட்டுக் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வைகுண்டராஜ் அடுக்களைப் பக்கம் பார்த்தார். காப்பித் தம்ளரோடு நின்ற சண்முகத்தாயின் கையில் முழங்கைவரை அரிசித் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. பேராசிரியர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைப்பதையும், மேலே குஞ்சுகள் கத்துவதையும் பார்த்தார்.

"அது வந்து முதலாளி... மேல குஞ்சு இருக்குல்லா. தாய் அடிபட்டுரும்னு நான்தான் பீஸ் கட்டையப் பிடுங்கிப் போட்டுட்டேன்."

பேராசிரியர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோக்காரன் படம் பிடித்தான். சண்முகத்தாய் உள்ளே போய்க் கையைக் கழுவினாள். பொத்தானைப் போல நல்ல குணத்தையும் இந்த மனுஷனுக்கு நான்தான் பூட்டிவிட வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

'பறவைக்காகக் காற்றைத் துறந்தவர்' என்று பேப்பரில் படம் வந்தது. அதில் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. தெருவில் ஒருத்தி பாக்கியில்லாமல் அதைக் காட்டினாள் சண்முகத்தாய்.

குஞ்சுகள் பறந்துபோயின. அன்றைக்கே பீஸ் கட்டையை மாட்டி, காற்றாடியை முழு வேகத்தில் விட்டுக் கீழே படுத்தாள். மறுவாரம் அவள் அப்படிப் படுத்திருந்தபோது வைகுண்டராஜ் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏட்டி, பீஸ் கட்டைய எடுத்து அரிசியில போடு! முதலாளி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டு வாராக. காத்தாடி போடாத வீட்டப் பாக்கணுமாம்!"

"குருவிதான் போயிருச்சே. யாருக்காக வேர்க்கச் சொல்லுதீக?"

"எனக்காகட்டி. செத்த நேரம்."

"உங்களுக்கா? நீங்க என்ன, முட்டையா விட்டிருக்கீக?"

தெருமுனையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வைகுண்டராஜ் சுவிட்சையும் பெண்டாட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். சுவிட்சைத் தொடத் தைரியம் வரவில்லை. வாசலுக்கு ஓடினார், அவர்களைப் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்க.

அப்போதுதான் ஜன்னல் வழியாக ஒரு குருவி நுழைந்தது. அலகில் வைக்கோல். நேரே காற்றாடியைப் பார்த்துப் பறந்தது. சண்முகத்தாய் வாரிச் சுருட்டி எழுந்து சுவிட்சைத் தட்டினாள்.

"வெக்கங்கெட்ட கழுத! இப்பத்தான ஒரு வீடு பிள்ளையக் கரையேத்திவிட்டேன்!"

இறக்கைகள் சுற்றி ஓய்கிற நேரத்தில் பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். காற்றாடி நின்றுவிட்டதைக் கண்டதும் வைகுண்டராஜின் முகம் பூரித்துப்போனது. தனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, "பாத்தீங்களா பிள்ளைகளா! பறவை இல்லேன்னா மனுசன் இல்ல..." என்று ஆரம்பித்தார்.

சண்முகத்தாய் அத்தனை பேர் முன்னாலும் அவரைத் தன் பக்கம் திருப்பி, ஏறி இறங்கி நின்ற பொத்தான்களைக் கழற்றி நேராக மாட்டினாள்.

"இப்பப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, மீட்டர் பெட்டியைத் திறக்கப் போனாள்.