எழுபத்திரண்டாம் பக்கத்துக் கறுப்பு ஊசி

வாயில் ஐந்து குண்டூசி இருக்கும்போதும் நாச்சியா கதைப்பாள். உதட்டோரத்தால் சொல் வரும், ஊசி அசையாது. "மாமா, அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு இரிங்க. துணிய மிதிச்சிராதீங்க." கண் தையலில் இருக்கும். இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் மல்லாந்து கிடக்கும். ஒரு ஓரம் அடித்து முடித்து நூல் மாற்றுகிற நேரத்தில் அரைப் பக்கம் வாசித்துவிடுவாள். கல்முனையில் ஹபாயா அங்கி தைப்பவர்கள் எத்தனையோ பேர். தைத்துக்கொண்டே நாவல் வாசிப்பவள் எனக்குத் தெரிய இவள் ஒருத்திதான்.

வயது ஐம்பத்தைந்து. என் உடன்பிறந்த ராத்தாவின் மகள். கட்டின மாப்பிள்ளை மௌத்தாகி அடக்கம் செய்து ஒன்பது வருடம். ஒரு தையல் மெசினை வைத்தே இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தாள். மெசின் முன் ஹோலில், வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. ஒழுங்கையில் யார் போனாலும் அவள் கண்ணில் படாமல் போக முடியாது. அளவுகளைக் கொப்பியில் எழுதமாட்டாள், எல்லாம் தலைக்குள். "போன பெருநாளைக்குப் பொறவு நீங்க இடுப்புல ஒரு இஞ்சி கூடி இரிக்கிங்க" என்று ஆளின் முகத்துக்கே சொல்லிவிடுவாள். கத்தரிக்கோலை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டாள். பால் சேர்க்காத பிளேன்டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பாள். கதைக்குள் இருக்கிற ஆட்களுக்கு ஏசுவாள். திடீரென்று மெசினை நிறுத்தி, "போடி விசரி, அவன நம்பாத!" என்று புத்தகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டால், துணி கொண்டு வந்த பெண்கள் திடுக்கிட்டுப் போவார்கள்.

ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. வாசிக்கிற கதையில் தன் குடும்பத்து ஆள் யாரையாவது கண்டால், அந்தப் பக்கத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி வைப்பாள். வண்ண மணித் தலை உள்ள ஊசி, ஆளுக்கு ஒரு நிறம். வெள்ளை அவளுடைய உம்மா. பச்சை அவள். சிவப்பு மௌத்தாகிப் போன மாப்பிள்ளை. வாசிகசாலைப் புத்தகங்களுக்கும் இதே கதிதான். அங்கே புத்தகம் கொடுக்கிற இப்றாஹிம் ஒருநாள் பக்கங்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது புத்தகமா, ஊசிப் பெட்டியா?" என்று கேட்டான். "ரெண்டும்தான் தம்பி. அடுத்ததத் தாங்க" என்றாளாம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பதினொரு வயதில் நெல் மூட்டைக்குத் தோளைக் கொடுத்தேன். இன்று எனக்குச் சொந்தமாக நெல் மில் இருக்கிறது. என் மூன்று லொறிகள் பொத்துவில் வரைக்கும் ஓடுகின்றன. எவருடைய தயவாலும் வந்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஆனால் ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்தால் எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்வேன். ஆளையும் அப்படித்தான் நிறுப்பேன். எழுபத்தாறு வருடத்தில் என் நிறுவை பிழையாய்ப் போனது ஒரே ஒரு இடத்தில்.

போன வருடம் அவள் கையில் ஒரு நாவல் கிடைத்தது. முன்னட்டை இல்லை, பெயரும் இல்லை. எங்கோ பனி கொட்டுகிற ஊரில் நடக்கிற கதை. ஆட்களின் பெயர் ஒன்றும் வாயில் நுழையாது. ஆனால் கதை நுழைந்தது. ஒரு பெண் போறணையில் ரொட்டி சுட்டு வாழ்கிறாள். தன் கல் வீட்டை மகளுக்குக் கொடுக்கிறாள். மகள் குடும்பம் பெருக, தாயின் கட்டில் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போகிறது. பின்னறையிலிருந்து போறணைக்குப் பக்கத்து ஒடுக்குக்குப் போகிறது. யாரும் அவளை விரட்டவில்லை. எல்லோரும் நல்லவர்கள். கடைசியில் ஒருநாள் அவள் முன்கதவைத் தட்டுகிறாள், பேரப்பிள்ளை திறந்து, "ஆர் நீங்க?" என்று கேட்கிறது.

நாச்சியா இதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எங்கள் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதுவரை அந்த வீட்டில் இருந்த உம்மாவும் வாப்பாவும் பின்னுக்கு ஒதுங்குவார்கள். நானும் அப்படித்தான் என் மூன்று மகள்மாருக்கும் கொடுத்தேன். அதனால் "இதில என்ன புதினம்?" என்றேன். அப்போதுதான் புத்தகத்தின் விளிம்பில் ஒரு கறுப்புத் தலையைக் கண்டேன்.

"நாச்சியா, இந்தக் கறுப்பு ஆரு?"

"நீங்கதான் மாமா."

"நானா?"

"அந்தப் பொம்பிளைக்கு ஒரு தம்பி இரிக்கார். பெரிய வியாபாரி. பெருநாளைக்குப் பெருநாள் ஒரு கூடை தோடம்பழம் கொண்டு வருவார். முன்னறையில இரிப்பார், சாப்பிடுவார், வீட்டப் புகழுவார், போவார். ஒருநாளும் பின்னுக்குப் போனதில்ல."

"நாச்சியா! இந்த வீட்டக் கட்டினவன் நான்! பத்தொன்பது வயசுல! எங்கட வாப்பா மௌத்தாகி, உன்ட உம்மாவக் கட்டிக் கொடுக்க ஆளில்லாம நிண்டப்ப, இந்தத் தோளால கட்டின வீடு இது!"

"ஓம் மாமா" என்றாள், ஊசியை வாயிலிருந்து எடுக்காமல். "அவரும் இதத்தான் செல்லுறார். எழுபத்திரெண்டாம் பக்கத்துல."

பிளேன்டீயைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். இரண்டு கிழமை அந்த ஒழுங்கையில் கால் வைக்கவில்லை. ஆனால் மில்லில் இருந்தாலும் அந்த எழுபத்திரண்டாம் பக்கம்தான் நினைவு. நாச்சியாவுக்குக் கலியாணம் முடிந்தபோது ராத்தா இந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் குசினிக்குப் போனாள். பதினொரு வருடம் அங்கே இருந்து, அங்கேயே மௌத்தானாள். ஒவ்வொரு பெருநாளைக்கும் மில்லின் முதல் மூட்டைச் சம்பாவை நான்தான் கொண்டு வந்து முன் ஹோலில் இறக்கினேன். ராத்தா வீட்டைச் சுற்றிப் பக்கத்தால் வருவாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு. வீட்டுக்குள்ளால் வரமாட்டாள். அதை நான் கண்டேன், ஆனால் நிறுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் கிழமை போனேன். நாச்சியாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு நேரே பின்னுக்கு நடந்தேன். ராத்தா படுத்த இடத்தில் இப்போது விறகும் தேங்காய் மட்டையும் கிடக்கின்றன. வாசலில் நான் குனிய வேண்டியிருந்தது. கூரை புகையில் கறுத்துப்போய் இருந்தது. கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். பிளேன்டீயைக் குடித்தேன்.

அந்த மாதம்தான் நாச்சியாவின் இளையவள் நுஸ்ஹாவுக்கு மாப்பிள்ளை பேச்சு வந்தது. பர்ஹான் நல்ல பிள்ளை, ஒலுவில் பக்கம் வேலை. நுஸ்ஹாவுக்கும் விருப்பம். மூத்தவளுக்கு வேறு வீடு கட்டியாகிவிட்டது. இளையவளுக்கு இந்த வீடுதான் இருக்கிறது. பர்ஹானின் உம்மா சபியா உம்மா, வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வீடு பார்க்க வந்தார். குடும்பத்துக்கு மூத்தவன் என்று நானும் இருந்தேன்.

சபியா உம்மா சுவரைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார். மெசினைக் கண்டதும் நின்றார். "எல்லாம் நல்லம். இத மட்டும் குசினிப் பக்கம் தள்ளிட்டா ஹோல் விசாலமா வரும். வாறவங்க இரிக்க ஒரு செட்டி போடலாம். நீங்களும் இனி என்னத்துக்குத் தைக்கிற? பின்னுக்கு ஒரு கட்டிலப் போட்டுக்கிட்டு ஓய்வா இரிங்களன்."

பேசியது நல்ல குரலில்தான். அதுதான் சங்கடம்.

நாச்சியா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் தலையணையில் குத்தினாள். பெண்ணின் தாய் இந்த இடத்தில் தலையை ஆட்ட வேண்டும். அதுதான் வழக்கம்.

"வீடு நுஸ்ஹாக்குத்தான். முழுசா எழுதித் தாறன். ஆனா இந்த முன் ஹோல் நான் மௌத்தாகும் வரைக்கும் என்ட இடம். என்ட மெசினும் என்ட கட்டிலும் இங்கதான். வாய்ப்பேச்சு வேணாம், உறுதிப் பத்திரத்தில ஏறணும்."

"ஹோலுக்கு உறுதியா?" சபியா உம்மா சிரித்தார். "இது எந்த ஊர் நடப்பு?"

"உறுதியில சீவிய உருத்து எண்டு ஒண்டு எழுதலாம். உறுதி முடிக்கிற நொத்தாரிசுக்கிட்டக் கேட்டுட்டன்."

"கதைப் புத்தகம் வாசிக்கிற பொம்பிள எண்டு செல்லித்தான் விட்டாங்க. கதையப் பாத்தா கலியாணம் பேசுற?"

"கதையப் பாத்து இல்ல. எங்கட உம்மாவப் பாத்து. அவ பதினொரு வருசம் பின்னுக்குக் கிடந்தா, முன்னுக்கு இருந்தவ நான். எனக்கு அது தெரியல்ல. கதைதான் காட்டித் தந்திச்சு."

சபியா உம்மா என் பக்கம் திரும்பினார். "மூத்தவர் நீங்க. கொஞ்சம் எடுத்துச் செல்லுங்க. இதுக்காகக் கலியாணம் நிக்கணுமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நிற்கலாம், எனக்குத் தெரியும். ஒரு மெசினுக்காக நல்ல சம்பந்தம் போனது என்று ஊர் கதைக்கும். நான் பெண்களுக்கு முன்னால் குரல் உயர்த்துகிறவன் அல்ல. அன்றைக்கு உயர்த்தினேன்.

"இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினவன் நான். நான் செல்லுறன், மெசின் அசையாது. உறுதியில சாட்சிக் கையெழுத்தும் நான்தான். விருப்பமெண்டா நாள் பாருங்க. இல்லாட்டி டீயக் குடிச்சிட்டுப் போங்க."

டீ அப்போதுதான் வந்தது. நுஸ்ஹா தட்டத்தோடு நின்றாள், கண் கலங்கி இருந்தது. பர்ஹானை அவளுக்குப் பிடிக்கும் என்று சொன்னேனே. விருந்தாளிக்கு முன்னால் சின்ன மேசை இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், தட்டத்தைத் தையல் மெசின் பலகையில் வைத்தாள். "இங்க வந்து எடுங்க மாமி" என்றாள்.

சபியா உம்மா எடுக்கவில்லை. எழும்பிப் போனார். பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நுஸ்ஹா முகத்தை யாருக்கும் காட்டவில்லை. நாச்சியா தைத்தாள், வாசித்தாள், புத்தகத்துக்கு ஏசினாள். ஆனால் பிளேன்டீ ஆறி, ஈ விழுந்து, அப்படியே கிடந்ததை இரண்டு நாள் நான் கண்டேன்.

பதினோராம் நாள் முன்கதவால் சபியா உம்மா வந்தார். கையில் ஒரு பொட்டலம். "நாளப் பாருங்க" என்றார், என்னைப் பார்த்து. "இவன் பர்ஹான் செல்லுறான், மெசினும் கட்டிலும் கிடக்கட்டுமாம், அவனுக்குச் செட்டி வேணாமாம்." பிறகு நாச்சியாவிடம் திரும்பி, பொட்டலத்தைப் பிரித்தார். கறுப்புத் துணி. "எனக்குக் கலியாணத்துக்கு ஒரு ஹபாயா வேணும். வேற ஆள்ட தச்சா உங்களப்போல விழாது."

"வாங்க, வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள் நாச்சியா.

சபியா உம்மா மெசினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். நாச்சியா துணியை அவர் தோளில் போட்டு, மடித்து, வாயிலிருந்த ஊசிகளால் ஒவ்வொன்றாகக் குத்தி வந்தாள். கால் ஓரத்துக்கு வந்தபோது ஊசி முடிந்துவிட்டது. ஊசித் தலையணை அலுமாரிக்கு மேலே, எட்டாத இடத்தில். ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டி, அந்த முன்னட்டை இல்லாத புத்தகத்தைத் திறந்தாள். பக்கத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. என் கறுப்பு ஊசியை உருவி உதட்டில் வைத்துக்கொண்டு, குனிந்து ஓரத்தை மடித்தாள்.