செல்வராசு வீட்டுச் சுவர் காய்ந்த கதை

தண்ணீர் புகுந்த வீட்டைப் பழையபடி ஆக்கிக் கொடுப்பது என் தொழில். அடைமழை பெய்தால் ஊரே முகத்தைத் தொங்கப்போடும், என் போன் மட்டும் ஓயாமல் அடிக்கும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துப் படுத்தவர்கள், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

வராத இடத்திலிருந்து வந்த போன்

உடையார்பாளையத்தில் செல்வராசு என்று ஒரு கொத்தனார். ஒரு காலத்தில் நானும் அவனும் ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். நான் கட்டுகிற வேலையை விட்டுவிட்டு ஈரம் ஏறி ஓதம் அடித்த சுவரைச் சுரண்டிச் சரிசெய்கிற வேலைக்கு வந்தபோது, அரியலூரில் ஒரு டீக்கடையில் நாலு பேர் முன்னால், "கட்டத் தெரியாதவன்தான் சுரண்டப் போவான்" என்று சொன்னான். நான் படித்தது கொஞ்சம். ஆனால் ஒருவன் சொன்னதை மறக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள், எவன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவனோடு பேச்சு இல்லை.

இந்த ஐப்பசி மழையில், அவன் தன் கையாலேயே கட்டிய அவன் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பின்பக்க வாய்க்கால் அடைத்துக்கொண்டதாம். சேதி கேட்ட அன்றைக்கு நான் இரண்டு டீ குடித்தேன். மறுநாள் அவன் சம்சாரம் வளர்மதியிடமிருந்து போன். எடுத்ததும் வணக்கம், சௌக்கியமா எதுவும் இல்லை.

"அண்ணே, அவரு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. வச்சுக்கிட்டாலும் பரவால்ல, சுரண்டுற சாமானை மட்டும் கையோட எடுத்துட்டு வந்துருங்க."

பெண் வீட்டார் வருகிறார்கள்

போனதும் விஷயம் தெரிந்தது. மகன் முருகேசனுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. ஜேசிபி ஓட்டுகிறான், நல்ல பையன், ஏனோ எதுவும் அமையவில்லை. இப்போது பெரம்பலூர் பக்கம் ஒரு பெண் அமைந்திருக்கிறது. நர்சு வேலை. இருவருக்கும் பிடித்துவிட்டது. கார்த்திகைக் கடைசிக்குள் பெண்ணின் தாய்மாமனும் பெரியம்மாவும் வீடு பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் இலை போட்டுச் சாப்பிடுவார்கள், சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்காவிட்டால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். மார்கழி பிறந்துவிட்டால் பேச்சையே எடுக்க முடியாது.

சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கறுத்து, தொட்டால் பூச்சு பிட்டு மாதிரி உதிர்ந்தது. கதவு உப்பிச் சாத்த வரவில்லை. இந்த நிலைமையில் செல்வராசு ஓரமாக உட்கார்ந்து பட்டி குழைத்துக்கொண்டிருந்தான். ஈரச்சுவர்மேல் அப்படியே பூசிப் பெயிண்டு அடித்துவிடுவானாம். என்னைப் பார்க்காமல் சம்சாரத்திடம் சொன்னான்: "பட்டி போட்டா போதும்னு அந்தாளுட்ட சொல்லு." நானும் வளர்மதியிடமே சொன்னேன்: "பட்டி போட்டா பொண்ணு வூட்டுக்காரங்க சாஞ்சு உக்காருறப்ப முதுகுலயே வந்துரும்னு அவருட்ட சொல்லும்மா." பழைய பூச்சைக் கல் தெரிகிற வரை கொத்தி எடுத்து, சுவர் மூச்சு விட்டபிறகுதான் மறுபூச்சு என்றேன். அதையும் அவள் அவனிடம் சொன்னாள். அவன் பதிலை என்னிடம் சொன்னாள். முருகேசன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்தைத் தடவிக்கொண்டான். கடைசியில் வளர்மதி பட்டிச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் எதுத்தாப்புல நின்னுக்கிட்டு என்னையப் போஸ்ட்டாபீஸ் ஆக்கியிருக்கீங்க. சாயங்காலம் வரைக்கும் கொத்துற சத்தம் மட்டுந்தான் எனக்குக் கேக்கணும்."

ரெட்டிபாளையத்துக் காற்று

கொத்தி எடுத்தாயிற்று. இனிச் சுவருக்குக் காற்று வேண்டும். என்னுடைய இரண்டு பெரிய விசிறிகளும் ரெட்டிபாளையத்தில், சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வீட்டு வேலை முடிந்து எத்தனையோ நாள் ஆயிற்று. கேட்கும்போதெல்லாம் "இன்னும் ஈரம் இருக்குப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நேரில் போனேன். சுவர் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. இரண்டு விசிறிக்கும் நடுவில் கட்டிலைப் போட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறார். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பேசுறது ஒண்ணும் அவருக்குக் கேக்காதுங்க, ஃபேன் ஓடுது" என்றாள். நான் சுவிட்சை அணைத்தேன். பெரியவர் கண்ணைத் திறந்தார். ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலைத் தானே ஓரமாக நகர்த்தினார். விசிறியை வண்டியில் ஏற்றும்வரை கூடவே வந்து, அதன் முதுகை ஒரு தடவை தட்டிக் கொடுத்தார்.

"சுவரு எப்பவோ காஞ்சிருச்சு தம்பி. நான்தான் இன்னும் காயல."

புகை

விசிறி சுற்ற ஆரம்பித்ததும் ஈரம் இறங்கியது, வாடை இறங்கவில்லை. வெள்ளம் வந்த வீட்டு வாடை உங்களுக்குத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு வளர்மதி சாம்பிராணி போட்டாள். காலையில் போட்டாள், மத்தியானம் போட்டாள், நான் விசிறி வைத்திருப்பதை மறந்து அதன் முன்னாலேயே போட்டாள். புகை கூடத்தை நிரப்பிவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போனது. நானும் வளர்மதியும் செல்வராசுவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தோம். எதிர் வீட்டு அம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"வூட்டுல யாருக்காச்சும் சாமி வந்துருச்சா, இல்ல கொசுவுக்குத்தான் இத்தனை மரியாதையா?"

தினசரி காலண்டர்

எல்லாச் சுவரும் காய்ந்தது. மறுபூச்சு, பெயிண்டு, கதவு இழைப்பு எல்லாம் முடிந்தது. கூடத்தில் ஒரே ஒரு இடம், தாம்பாளம் அளவுக்கு, அடம்பிடித்தது. மேலே அடித்த பெயிண்டு உப்பு பூத்துப் பொங்கி நின்றது. கை வைக்காதீர்கள், தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் வருகிற நாள் காலையில் நான் போனபோது அந்த இடத்தைக் காணோம். வளர்மதி ஆணி அடித்து அதன்மேல் ஒரு தினசரி காலண்டரை மாட்டியிருந்தாள்.

தாய்மாமன் சுவர் சுவராகப் பார்த்தார். பெரியம்மா அடுப்படி வரை போய்வந்தார். தண்ணீர் மட்டும் குடித்தார்கள். முருகேசன் வாசலில் நின்று செருப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். அப்போது தாய்மாமன், "தையில முகூர்த்தம் எப்படி இருக்கு, பாத்துருவோம்" என்று எழுந்து போய், காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். நல்ல நாள் பார்க்கிற நாட்டில் காலண்டரை வைத்து ஓதத்தை மறைத்தால் வேறு என்ன நடக்கும்? அவர் அந்த இடத்தை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"யாரு கட்டுன வூடு இது?"

"நான்தாங்க" என்றான் செல்வராசு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இதைக் காய வச்சது?"

செல்வராசு என் பக்கம் கையைக் காட்டினான். "கோவிந்தண்ணன். அவரு இல்லன்னா இங்க நீங்க உக்காரவே முடியாதுங்க." இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து என் பேர் வந்தது அப்போதுதான். பெரியம்மா பக்கத்தில் வந்தார். சுவரைப் பார்த்தார், வளர்மதியைப் பார்த்தார், பிறகு தன் தம்பியிடம் திரும்பினார்.

"நம்ம வூட்டுக் கூடத்துல ரெண்டு காலண்டரும் ஒரு கடியாரமும் எதுக்குத் தொங்குதுன்னு நெனச்ச? இவங்க ஒண்ணுலயே சமாளிச்சிருக்காங்க. எலையப் போடச் சொல்லு, பசிக்குது."

எனக்கும் ஒரு இலை விழுந்தது, செல்வராசுவே பாயசம் ஊற்றினான், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன், பேசவில்லை. ஓதமே இல்லாத வீட்டில்தான் சம்பந்தம் வைப்பேன் என்று நம் பக்கத்தில் யாராவது பிடிவாதமாக நின்றால், அவர்கள் பிள்ளைக்கும் கல்யாணம் ஆகாது, எனக்கும் பிழைப்பு ஓடாது.