வள்ளித்தாயும் மல்லாங்கிணறு ஸ்ட்ராபெரியும்

ஏழாயிரம்பண்ணை வள்ளித்தாய்க்கு நாற்பது வயசு. பதினேழு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் கறி எடுக்கவும்தான் அவளுக்கு நேரம் இருக்கும். அந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு மட்டும், மகள் ஓவியாவின் நச்சரிப்பு தாங்காமல் மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினாள். அங்கே கனகசபாபதி என்ற விவசாயி நிழல்வலைக்குக் கீழே அரை ஏக்கரில் ஸ்ட்ராபெரி போட்டிருக்கிறார், நாமே பறித்துத் தின்னலாம் என்று ஓவியா போனில் பார்த்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும், வள்ளித்தாயோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவளுமான பேச்சியம்மாளும் கூட வந்தாள்.

கொடைக்கானல் பழம் இந்தக் கரிசலில் எங்கே காய்க்கப் போகிறது என்று வழி நெடுக வள்ளித்தாய் சிரித்துக்கொண்டே வந்தாள். வலைக்குள் போனதும் வாயடைத்துப் போனாள். பாத்தி பாத்தியாக, தரையை ஒட்டி, இலைக்கு அடியில் சிவப்புச் சிவப்பாகத் தொங்கியது. காம்போடு கிள்ளணும், இழுத்தால் செடியே வந்துவிடும் என்று கனகசபாபதி பறித்துக் காட்டினார். முதல் பழத்தைக் கடித்தாள். பல் கூசுகிற புளிப்பு, அதன் பின்னாலேயே லேசாக ஒரு இனிப்பு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓவியாவும் பேச்சியம்மாளும் தின்னவே இல்லை. கையில் வைத்து மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உள்ள நுழையும்போதே எம்புட்டு வாசம், பாத்தியாம்மா?” என்றாள் ஓவியா.

வள்ளித்தாய் ஒரு பழத்தை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. நசுக்கி மூக்கிலேயே தேய்த்தாள். சாறு குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். தலையிலிருந்த மல்லிகையைப் பிய்த்து மோந்தாள். அதிலும் ஒன்றும் இல்லை.

போன மாசம் அடுப்பைப் பற்றவைக்காமலே கேஸைத் திறந்து விட்டிருக்கிறாய் என்று பேச்சியம்மாள் ஓடி வந்து சத்தம் போட்டது நினைவுக்கு வந்தது. சும்மா பெரிசுபடுத்துகிறாள் என்று அப்போது நினைத்திருந்தாள். அதைவிட மோசமான ஒன்று அடுத்து உறைத்தது. மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, மூக்கைப் பிடுங்குகிற நெடி கிளம்பும். நெடி வந்தால் போட்டது போட்டபடி ஓடணும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்தது அது. எத்தனை மாசமாக, இல்லை எத்தனை வருஷமாக, மூக்கே இல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள்?

பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓவியா பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். வள்ளித்தாய் பேச்சியம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் வள்ளித்தாய் கம்பெனிக்கு ஒரு டப்பாவில் பழம் கொண்டுபோனாள். டீ நேரத்தில் வேப்பமரத்தடியில் தன் அறைப் பெண்களைக் கண்ணை மூடச் சொல்லி, வெறும் கையை ஒரு தடவையும் பழத்தை ஒரு தடவையும் நீட்டினாள். நாலு பேர் வேலை பார்க்கிற அறை அது. பேச்சியம்மாள் சரியாகச் சொன்னாள். மற்ற இருவரில் ஒருத்தி வெறும் கையை மோந்துவிட்டு, நல்ல வாசமாக இருக்கிறதே என்றாள். இன்னொருத்தி இரண்டிலும் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி வந்த போர்மேன் சண்முகவேலின் முகம், அழுகிறவளைப் பார்த்ததும் செத்துப்போனது.

“அண்ணாச்சி, அந்த ரூம்ல பேச்சிக்கு மட்டுந்தான் மூக்கு இருக்கு. அவ லீவு போட்ட நாளெல்லாம் நாங்க எப்படி உசுரோட இருந்தோம்னு தெரியல,” என்றாள் வள்ளித்தாய்.

அவர் ஒரு பழத்தை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அன்று மத்தியானத்துக்குள் எல்லா அறைப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி மோந்து பார்க்கச் சொன்னார். வாசம் தெரியாதவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்.

விருதுநகர் டாக்டர், எதனால் போனது என்றோ திரும்ப வரும் என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வள்ளித்தாய் இப்போது பெட்டி ஒட்டுகிறாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. திடீரென்று நிமிர்ந்து மருந்து அடைக்கிற அறைப் பக்கம் பார்ப்பாள், பக்கத்தில் இருப்பவளிடம், “ஏதாச்சும் நெடி வருதா?” என்று கேட்பாள். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த பெட்டியை எடுப்பாள்.