அத்தானின் வலது கண்

காந்தத்துக்கு இழுபடும் இரும்பு ஆக்சைடைக் கண்ணுக்கே தெரியாத தூளாக்கி, மருந்தோடு ரத்தத்தில் செலுத்தி, வெளியே காந்தத்தை வைத்து நோயுள்ள இடத்துக்கு இழுக்கப் பார்க்கிறார்களாம். பேப்பரில் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் இரும்பும் காந்தமும் உடம்பும் ஒரே வரியில் வந்தால் எனக்கு அத்தானின் கண்தான் ஞாபகம் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்குத் துரு தட்டும் வேலை. கப்பலின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குப் போடக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் வியர்வையில் மங்கிவிடும், நெற்றியில் ஏற்றிவிடுவோம். கண்ணில் தூள் விழுந்தால் அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு யார் போவது? பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. இமையைப் புரட்டிக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் தூள் தாவி ஒட்டிக்கொள்ளும். "கண் டாக்டர் வந்துட்டாரு லா, வரிசையில நில்லுங்க" என்று கிண்டலடிப்பார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. தலைக்கனம் என்றே சொல்லலாம்.

அக்காள் புருஷனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். தமிழர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தேக்கா வட்டாரத்தில் ஒரே அறை எங்களுக்கு. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள்.

ஒரு நாள் காலை அத்தான் சுத்தியலைப் போட்டுவிட்டு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இமையைப் புரட்டினேன். கறுப்பாக ஒரு செதில் காந்தத்தில் வந்து ஒட்டியது.

"வந்துடுச்சா மாப்ள?"

"வந்துடுச்சு அத்தான். இங்க பாருங்க."

"உள்ள இன்னும் என்னமோ குத்துதே. ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிடுவோமா?"

"அதான் எடுத்தாச்சே! கீறல் எரியுது, ரெண்டு நாள்ல ஆறிடும். இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?"

நம்பினார். சொன்னபடியே இரண்டு நாளில் வலியும் போய்விட்டது. அதுதான் எமன்.

சில மாதம் கழித்து, சோறு போடும்போது அக்காள்தான் முதலில் கவனித்தாள். "என்னங்க, ஒரு கண்ணு மட்டும் செம்பட்டையா இருக்கு?" கருவிழி துருவின் நிறத்துக்கு மாறியிருந்தது. பொழுது சாய்ந்தால் அந்தக் கண்ணில் படிக்கட்டு தெரிவதில்லை என்று அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்ணின் உட்புறம், பின்னால், இன்னொரு துணுக்கு இருந்தது. பெரிய மின்சாரக் காந்தத்தைக் கண்ணருகே கொண்டுவந்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

டாக்டர் தமிழர். "இரும்பு உள்ளயே துருப்பிடிச்சிடுச்சு. இனிமே காந்தத்துக்கு லேசுல வராது. அந்த விஷம் கண்ணு முழுக்க ஏறியிருக்கு. அடிபட்ட அன்னைக்கே வந்திருந்தா எடுத்திருக்கலாம். வர வேணாம்னு யாரு சொன்னது?"

அக்காள் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். நான் எக்ஸ்ரே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாதான் வீம்புக்கு வராம இருந்துட்டேன்" என்றார் அத்தான்.

வருடம் முடிவதற்குள் அந்தக் கண் அவிந்துவிட்டது. அதன்பிறகு அவர் எதையாவது தட்டிவிட்டால் போதும், "வீம்பு புடிச்சுக் கண்ணக் கெடுத்துக்கிட்ட மனுஷன்" என்று அக்காள் ஆரம்பித்துவிடுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், வெட்கம்கெட்டவன். அவர் செத்த அன்று, தலைமாட்டில் உட்கார்ந்து அவள் அந்த வீம்பைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.