இருபத்திரண்டு அங்குலம்

கடற்கரைத் தெருவில் அவளை டேப் அக்கா என்றால்தான் தெரியும். தையல்காரி. அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள் என்று அவள் தம்பி கேலி செய்வான். கோபம் எந்நேரமும் மூக்கு நுனியில். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது வழக்கமான கோபம் இல்லை.

அதற்கு முன் சரிவுப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன் நகராட்சி எப்படியோ புண்ணியம் கட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்து மணலுக்கு ஒரு சிமெண்டுச் சரிவும், அங்கிருந்து அலை வரைக்கும் ரப்பர் விரிப்பும் போட்டது. சக்கர நாற்காலிக்காரர்கள் தண்ணீர் வரைக்கும் போகலாம். "யாரு வரப் போறாங்க?" என்று தெருவே சிரித்தது. வந்தார்கள். நாற்காலியில் ஒருவர் வந்தால் கூட ஐந்து பேர் வந்தார்கள். சனி ஞாயிறை மட்டும் நம்பி, மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்த தெரு அது. இவர்களுக்கோ நெரிசல் ஆகாது. திங்கட்கிழமை வந்து வெள்ளி வரை தங்கினார்கள். ஐஸ்கிரீம் கடைக்காரர் மேடையை இடுப்பளவுக்கு இறக்கினார். ஆட்டோக்காரர் நாற்காலி ஏற்றப் பலகை வாங்கினார். டேப் அக்கா தையல் மெஷினைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு முன்னறைகள் இரண்டையும் வாடகைக்கு விட்டாள். கதவுகளை முப்பத்தாறு அங்குலமாக்கினாள், வாசற்படியைப் பெயர்த்தாள், குளியலறைக் குழாயைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கினாள். கதவில் ஒரு அங்குலம் குறைத்த கொத்தனாரை ஒரு வாரம் வறுத்தெடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வருடா வருடம் மகள் குடும்பத்தோடு வந்து பத்து நாள் தங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கடலுக்குப் போனவர், கால் மணி நேரத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"பாதையை மறிச்சு இரும்புத் தூண் நட்டிருக்காங்க. நாற்காலி நுழையல."

"நாலு பேரைக் கூப்பிடறேன். அலேக்கா தூக்கி..."

"தூக்கறதுக்கு எங்க ஊர்லயே ஆள் இருக்காங்க. யாரும் தூக்க வேண்டாம்னுதான் இங்க வர்றேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. மகள் பைகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

டேப் அக்கா ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்குப் போனாள். முந்தின நாள் முழுக்க அவள் அறை துடைத்து உறை மாற்றிக்கொண்டிருந்ததில் தூண் நட்டது கண்ணில் படவில்லை. மூன்று தூண்கள், புதுப் பெயின்டோடு. நாடாவை நீட்டினாள். இடைவெளி இருபத்திரண்டு அங்குலம். நாற்காலி இருபத்தாறு. யாருக்காகப் பாதை போட்டார்களோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் போகலாம்!

அப்படியே நகராட்சிப் பொறியாளரின் மேஜை முன் போய் நின்றாள்.

"பைக் நுழையக்கூடாதுன்னு கேட்டீங்க. நுழையாத அளவுக்கு வச்சோம்," என்றார் அவர்.

"நாற்காலி நுழையற அளவை யாரு பாக்கறது?"

"அதை நீங்க மனுவுல எழுதலையேம்மா."

"பாதை யாருக்குப் போட்டீங்கன்னு உங்களுக்கே நான் எழுதிக் கொடுக்கணுமா? அதான் வேலையா எனக்கு?"

அவர் மனு இருந்த கோப்பை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். தெருக்காரர்கள் முப்பது பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டு மாதத்துக்கு முன் பைக் ஒன்று சரிவில் பாய்ந்து அவள் விருந்தாளியை இடிக்கப் பார்த்தது. ஐஸ்கிரீம் கடைக்காரர் மனு எழுதிக் கொண்டுவந்தார். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். ஒரு அங்குலத்துக்காகக் கொத்தனாரின் உயிரை வாங்கியவள்!

"மாத்தறதுன்னா அடுத்த மாசக் கூட்டத்துல வைக்கணும். அப்புறம் டெண்டர்..." பொறியாளர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவள் வெளியே வந்துவிட்டாள். கோபம் யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை.

நேரே தம்பியின் பட்டறைக்குப் போனாள்; அவன் வெல்டர். தூண்களைச் செய்து நட்டவனே அவன்தான்.

"நாலு வருஷமா நான் கதவை அளக்கறதைப் பாத்துட்டுதானே இருந்தே? கண்ணு எங்கடா போச்சு?"

"அவங்க குடுத்த அளவுதான்க்கா. சந்தேகமாத்தான் இருந்துது. ஆனா மனுவுல மொதல் பேரே உன்னுது. நீயா அளக்காமப் போடுவேன்னு விட்டுட்டேன்."

அவள் கழுத்து நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை இன்னொரு அறைக்கு அடுத்த குடும்பம் வருது. நடுத் தூணை அறு," என்றாள்.

"கேஸ் போடுவாங்கக்கா. பைக்கும் வரும்."

"வரட்டும், என் வாயைத் தாண்டி."

மதிய வெயிலில் அறுப்பு மெஷின் அலறியது. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கையெழுத்துப் போட்ட முப்பது பேரில் ஒருவரும் தடுக்க வரவில்லை. தலைமையாசிரியையின் வேன் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. தூண் சாய்ந்தபோது போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"அரசாங்கச் சொத்தை யாரு அறுக்கச் சொன்னது?"

தம்பி வாய் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள். "நான்தான். எழுதிக்கோங்க. நடச் சொல்லி மொதல் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்."

அவர் எழுதி நீட்டினார். பேனாவை வாங்கியவள் உடனே போடவில்லை. போலீஸ்காரர் வெயிலில் நெளிய நெளிய, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் போட்டாள்.